பழைய வாடகை பாக்கி வழக்குக்கு எந்தச் சட்டம்? 22.2.2019-க்கு முன்னும் பின்னும்

உரிமையாளர் தரப்பில் வழக்கு நடத்துபவர்:

வழக்குக் கட்டைக் கையில் எடுத்ததும் தாக்கல் தேதியைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 22.2.2019 அன்று அமலுக்கு வந்தது. அதன் 47-ஆம் பிரிவு, அதுவரை இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. ஆனால் அன்று நிலுவையில் இருந்த வழக்குகளைப் பழைய சட்டப்படியே முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் 2018-இல் போட்ட ஆர்.சி.ஓ.பி. (பழைய சட்டத்தின் கீழான வாடகை மனு) இன்றைக்கும் 1960 சட்டத்தில்தான் ஓடும். அதிலிருந்து வரும் அப்பீலும் அப்படித்தான். பழையதை வாபஸ் வாங்கிப் புதுச் சட்டத்தில் போட ஒரு கால வரம்பு கொடுத்திருந்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. ‘புதுச் சட்டத்தில் சீக்கிரம் முடியும்’ என்று யாராவது சொன்னதை நம்பி இப்போது வாபஸ் மெமோ போட்டுவிடாதீர்கள். கையில் இருக்கும் வழக்கும் போய்விடும்.

வாடகைதாரர் தரப்பு:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பாக்கியைக் கட்டும் இடத்தில்தான். புதுச் சட்டத்தில் இரண்டு மாத பாக்கிக்கு நோட்டீஸ் வந்து, ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. இதைப் படித்துவிட்டுப் பழைய வழக்கில் சம்மன் வந்த பிறகு மொத்தமாகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஆபத்து. 1960 சட்டத்தின் 10-ஆம் பிரிவில் கேள்வியே வேறு: பாக்கி வைத்தது வேண்டுமென்றா இல்லையா? இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் பாக்கி தொடர்ந்தால் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் கொள்வார்கள். பின்னால் கட்டியது அதை அழிக்காது. வேண்டுமென்று இல்லை என்று கண்ட்ரோலருக்கு (பழைய சட்டத்தில் வாடகை வழக்கை விசாரிப்பவர்) தோன்றினால் மட்டுமே அதிகபட்சம் 15 நாள் அவகாசம் கிடைக்கும்.

அதற்காகக் கட்டாமலும் இருக்க முடியாது. 11-ஆம் பிரிவுப்படி பாக்கி முழுவதையும் கட்டி, வழக்கு முடியும்வரை மாதாமாதம் தொடர்ந்து கட்டினால்தான் எதிர்வாதமே செய்ய முடியும். தவறினால், தக்க காரணம் காட்டாத பட்சத்தில் விசாரணையை நிறுத்தி நேராகக் காலி உத்தரவுதான். கட்டிய ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி, ஒரு பட்டியலோடு தாக்கல் செய்யுங்கள். பல வழக்குகள் விழுவது இடையில் விட்டுப்போன ஒரு மாதத்தால்தான்.

அட்வான்ஸ் கணக்கையும் விடாதீர்கள். பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாடகை 8,000 ரூபாய், கொடுத்த அட்வான்ஸ் 50,000 என்று வையுங்கள். கூடுதலாக உரிமையாளரிடம் நிற்பது 42,000. பாக்கி ஐந்து மாதம், அதாவது 40,000 என்றால், அந்தக் கூடுதல் தொகையே பாக்கிக்குப் போதும் என்பதால் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்ற வாதமே ஆட்டம் காணும். இதைப் பதில் நோட்டீஸிலேயே எழுதி, கவுண்டரிலும் (நீதிமன்றத்தில் போடும் பதில் மனு) எழுத வேண்டும். குறுக்கு விசாரணையில் திடீரென்று எடுத்தால் எடுபடாது. புதுச் சட்டத்தில் இந்த வழி கிடையாது. அங்கே மூன்று மாத வாடகை வரை வாங்கலாம், ஒப்பந்தம் இருந்தால் அதற்கு மேலும் வாங்கலாம்.

நீதிமன்ற நடைமுறை தெரிந்தவர்:

உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் 1960 சட்டத்தின் 8-ஆம் பிரிவில் உள்ள வரிசை முக்கியம். முதலில், வாடகையைக் கட்ட ஒரு வங்கியின் பெயரைப் பத்து நாளுக்குள் தரச்சொல்லி எழுத்தில் நோட்டீஸ். பெயர் வராவிட்டால் மணியார்டர். அதையும் திருப்பினால் டெபாசிட் மனு. ஒரு படியைத் தாண்டிவிட்டு நேராக டெபாசிட் செய்தால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நோட்டீஸின் அஞ்சல் ஒப்புகை அட்டை, திரும்பி வந்த மணியார்டர் படிவம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

22.2.2019-க்குப் பிறகு புதிதாகப் போடுபவர்கள் ஆர்.எல்.டி.ஓ.பி. (புதுச் சட்டத்தின் கீழான வாடகை மனு) எண்ணோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாடகை பாக்கியைக் காரணமாகக் காட்டும் முன் எழுத்து ஒப்பந்தமும், வாடகை அதிகாரியிடம் செய்த பதிவும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாமல் பாக்கியை மட்டும் பிடித்துக்கொண்டு வரும் மனுவில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பதே அதைத்தான்.