தோழியின் வீட்டில் 16 நாள் விருந்தாளியாக இருக்கலாமா?

பனித்தாரகை:
இந்தக் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பரிமாற்ற மாணவியாகப் படித்து வருகிறேன். விடுதியில் எனக்கு அடுத்த அறையில் இருக்கும் தோழியின் பெற்றோர் கெம்னிட்ஸ் நகருக்குத் தெற்கே, செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்க மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறார்கள். டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை, விடுமுறை முழுவதையும் தங்கள் வீட்டில் கழிக்கும்படி அவள் அழைத்திருக்கிறாள். அவளுடைய பெற்றோரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பிப்ரவரியில் மூன்று தேர்வுகள் வேறு இருக்கின்றன. போவதா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

தனிவழி:
மூன்று நாளுக்கு மேல் தங்காதீர்கள் என்பதே என் கருத்து. நானும் பரிமாற்ற மாணவனாக இருந்தபோது, இதே நாட்டில், நண்பன் ஒருவனின் வீட்டில் விடுமுறை முழுவதும் தங்கினேன். முதல் மூன்று நாளும் எல்லோரும் என்னிடம் நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். நான்காம் நாளிலிருந்து அவர்கள் தங்கள் இயல்பான வேகத்துக்கும் வட்டார வழக்குக்கும் திரும்பிவிட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் மூண்டபோது, எழுந்து அறைக்குப் போவதா, கேட்காதவன்போல் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உரித்துக்கொண்டேயிருந்தேன்; தேவைக்கு மேல் நிறையவே உரித்துவிட்டேன். அந்தக் குடும்பத்தின்மீது குறையேதும் இல்லை. தம் வீட்டில் தாமாக இருக்க அவர்களுக்கு இருந்த உரிமைக்கு நடுவே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அகல்:
தனிவழி அவர்களே, நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் வரவாகக் கருதுகிறேன். உங்களுக்காக வேகத்தைக் குறைத்துப் பேசியவரை நீங்கள் விருந்தாளி. அதை அவர்கள் மறந்துபோன நாளில்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறீர்கள். பனித்தாரகை போகவிருக்கும் பகுதியையும் நினைத்துப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் வெள்ளியும் வெள்ளீயமும் தோண்டிய சுரங்கப் பகுதி அது. 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் இருட்டில் சுரங்கத்துக்குள் இறங்கி இருட்டிலேயே வெளியேறிய தொழிலாளிகளின் நினைவாக, டிசம்பர் முழுவதும் அங்கே சன்னல்தோறும் வில்வடிவ விளக்குச் சட்டங்கள் எரியும். 24ஆம் தேதி இரவு ஒன்பது வகைப் பண்டங்களுடன் உண்பதும், தட்டுகளுக்கு அடியில் காசு வைப்பதும், எதிர்பாராமல் வரக்கூடிய அந்நியருக்காக ஒரு தட்டை மிகுதியாக வைப்பதும் அங்கே பழைய வழக்கங்கள். அந்நியருக்கென்றே தட்டு வைக்கும் ஊருக்குப் போகத் தயங்குவானேன்?

தனிவழி:
அந்தத் தட்டு ஓர் இரவுக்கானது, அகல். 16 நாளைக்கானது அன்று.

அகல்:
நன்றாகவே மடக்கினீர்கள். ஆனால், போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். விடுதி அறை அவருடைய வாடகை அறைதான், யாரும் வெளியேற்றப் போவதில்லை. ஆனால் 24ஆம் தேதி நண்பகலைத் தாண்டியதும் கடைகள் அடைத்துவிடும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. பல்கலைக்கழக உணவுக்கூடமும் பூட்டியிருக்கும். மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நான் முதல் ஆண்டில் அப்படித் தனியாக இருந்தேன். பொதுச் சமையலறையின் குளிர்பெட்டியில் என் தட்டு ஒன்றைத் தவிர எல்லாம் காலியாக இருந்தன. படிப்பேன் என்று மேசையில் பரப்பிய குறிப்புகளைப் புத்தாண்டு வரை புரட்டவில்லை. தனிமை கிடைத்தால் படிப்பு ஓடும் என்பதை நம்பாதீர்கள்.

எல்லைக்கல்:
வாதத்துக்கு நடுவே காகித விவகாரம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதிக் குடும்பங்கள் விடுமுறையில் எல்லையைக் கடந்து செக் பக்கம் நடைப்பயணம் போவது சாதாரணம். செக் குடியரசு 2007 டிசம்பரிலேயே, பொதுவாக எல்லைச் சோதனையின்றிப் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டதால், ஜெர்மனியின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதி உள்ளவர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை அங்கே போய்வரலாம். ஆனால் கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். விடுதி இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படிச் செய்து, மற்றவர்கள் திரும்பும்வரை எல்லைக்கு இப்பால் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

பனித்தாரகை:
எல்லைக்கல், மிக்க நன்றி. வேறொரு சந்தேகம். தங்குவதற்குப் பணம் கொடுக்கலாமா? பெற்றோரை எப்படி அழைப்பது?

அகல்:
பணத்தை நீட்டினால் மனம் கோணுவார்கள். கையில் ஏதாவது பரிசு கொண்டுபோங்கள். அங்கே போனபின் ஒரு நாள் சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் மரியாதைப் பன்மையான 'ஸீ' என்றே தொடங்குங்கள். உரிமையோடு 'டூ' (நீ) என்று அழைக்கச் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்தாம், பெரும்பாலும் முதல் மாலையே சொல்லிவிடுவார்கள். காலையில் எழுந்ததும் அறைச் சன்னலை விரியத் திறந்து ஐந்து நிமிடம் குளிர்காற்றை உள்ளே விட்டு மூடுங்கள். வெளியே உறைபனியாக இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். செய்யாத விருந்தாளியைப் பற்றித்தான் பின்னால் பேசுவார்கள். உதவுகிறேன் என்று 24ஆம் தேதி விருந்தின் நடுவே மட்டும் எழுந்துவிடாதீர்கள். அந்த இரவு உணவு முடியும்வரை மேசையைவிட்டு யாரும் எழக் கூடாதென்று சில குடும்பங்கள் இன்னும் பார்க்கின்றன.

தனிவழி:
அகல் சொல்வதையெல்லாம் படித்தபின்பும் என் ஐயம் தீரவில்லை. அழைத்தவள் தோழி, சமைப்பதும் படுக்கை விரிப்பதும் அவளுடைய தாயார். 16 நாள் என்ற கணக்கு யாருடையது? இருபது வயதில் நானும் என் பெற்றோரைக் கேளாமலேயே நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். இதை அவளிடமே நேராகக் கேளுங்கள்.

பனித்தாரகை:
கேட்டேன். அவள் சிறிது நேரம் விழித்துவிட்டு, என் எதிரிலேயே தாயாரைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் வரவிருக்கும் செய்தி அவருக்குத் தெரிந்திருக்கிறது, எத்தனை நாள் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. 28ஆம் தேதி அவள் அத்தை குடும்பம் வருகிறதாம், எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறை அன்றுமுதல் அவர்களுக்கு வேண்டுமாம். ஆகவே 20 முதல் 27 வரை தங்குவதென்று முடிவாகிவிட்டது. அதன்பின் தாயார் ஏதோ கேட்டார். அவருடைய வட்டார வழக்கில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு எனக்கும் வாங்க வேண்டும், கால் அளவு என்ன என்று கேட்கிறாராம்.

தனிவழி:
எட்டு நாள்! என் கணக்கைவிட ஐந்து நாள் அதிகம். ஆனால் செருப்பே வாங்கப்போகிறார் என்றால் எனக்கு எதிர்வாதம் இல்லை. 27ஆம் தேதி எப்போது புறப்பட வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; மலைக்கிராமங்களுக்கு விடுமுறைக் காலத்தில் பேருந்துகள் குறைவாகத்தான் ஓடும்.