[கலைச்சொல்] சிப்பம் கட்டும் கூடத்தில் கழித்த காய்க்கு ஒரு சொல்

ஓசூரிலிருந்து:

அன்புள்ள குழுவினர்க்கு,

காய்கறியைத் தரம் பிரித்துச் சிப்பம் கட்டும் கூடங்களுக்காக மட்கு உரக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குவியல் போடுவது, கிளறுவது, ஈரம் பார்ப்பது வரை சொல்லுக்குப் பஞ்சமில்லை. விதிமுறைகளைச் சொல்லும் அதிகாரத்தில்தான் வேலை நின்றுவிட்டது.

தரம் பிரிக்கும் மேசையில் ஒதுக்கிப் போடுகிறோமே, அடிபட்ட தக்காளி, வெடித்த கேரட், முட்டைக்கோஸின் வெளி இலை, காலிஃபிளவர் தண்டு, அதற்கு என்ன பெயர் வைப்பது? ‘கழிவு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் விதிகள் எல்லாக் கழிவையும் ஒன்றாக நடத்துவதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் ‘தோட்டக்கலைக் கழிவு’ என்று ஒன்று வந்தது. பெயரைப் பார்த்தால் காய்கறிக் கழிவு போலத் தோன்றும். அங்கே அது தோட்டத்து இலைதழையோடு சேர்த்துப் பேசப்பட்டது, வளாகத்துக்குள்ளேயே தனியாக வைக்கச் சொன்னார்கள். அதே விதிகளின்படி சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடம் ‘பெருமளவு கழிவு உண்டாக்குவோர்’ வகையில் சேர்ந்தது. முட்டைக்கோஸ் வரத்து நன்றாக இருக்கும் நாளில் ஒரு நடுத்தரக் கூடம் மதியத்துக்குள் அந்த 100 கிலோவைத் தாண்டிவிடும்.

இன்னும் நுணுக்கமான பிரிவு அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் வெளியிட்ட விளைபொருள் பாதுகாப்பு விதி, அந்நாட்டுக்குக் காய்கனி அனுப்பும் வெளிநாட்டுப் பண்ணைகளையும் கட்டுப்படுத்தும். அதில் சாணம் போன்ற விலங்குப் பொருள் கலந்த உரத்துக்குத்தான் கெடுபிடி அதிகம். அது மட்கிய உரம் என்று ஏற்கப்பட வேண்டுமானால், கிளறும் முறையில் 15 நாள் 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வெப்பம் இருக்க வேண்டும், ஐந்து முறையாவது கிளற வேண்டும், பிறகு முதிரவிட வேண்டும். விதியில் காட்டியுள்ள வழிகளில் இது ஒன்று. தாவரப் பொருள் மட்டுமே உள்ள உரத்துக்கு இந்தப் பிடி இல்லை. பண்ணை, சிப்பம் கட்டும் கூடம், டப்பியில் அடைக்கும் ஆலை, மொத்தக் கிடங்கு, மளிகைக் கடை ஆகியவற்றில் சாப்பிடுகிறவர் கைக்குப் போகாமல் தங்கிவிட்ட தாவரப் பொருளுக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். உணவகத்திலிருந்து வருவது எதுவும் அதில் சேராது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பரிமாறிய பிறகு மிஞ்சிய சோறு சுத்த சைவமாகவே இருந்தாலும், அந்த விதி அதை விலங்குப் பொருளோடு ஒரே பட்டியலில் வைக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு யாரோ மீதித் தயிர்சாதத்தை முட்டைக்கோஸ் இலைமேல் கொட்டினால், குவியலின் சட்ட வகையே மாறிவிடும்.

நான் இப்போதைக்கு ‘நுகர்வோருக்கு முந்தைய தாவரக் கழிவு’ என்று வைத்திருக்கிறேன். படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. தொட்டியின்மேல் எழுதும் அளவுக்கு ஒரு சொல் வேண்டும்.

———

தஞ்சையிலிருந்து:

தம்பி,

நீங்கள் விளக்கிய பிரிவினைக்குத் தமிழில் சொல் தேடவே வேண்டாம். அமெரிக்கர்கள் பத்தி பத்தியாக எழுதி வகுத்ததை நம் பாட்டிமார் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்: எச்சில். பரிமாறியாயிற்று என்றால் பொருள் மாறிவிட்டது, அது கீரையா கறியா என்பது பொருட்டில்லை. ஆகவே ‘எச்சில்படாக் கழிவு’ என்று வைத்துவிடலாம். எதிர்ச்சொல்லும் தானாகவே கிடைக்கிறது, ‘எச்சில் கழிவு’. இலக்கணமும் சரி, பொருளும் சரி.

———

ஒட்டன்சத்திரத்திலிருந்து:

ஐயா, சொல் கச்சிதம்தான். ஆனால் எங்கள் கூடத்தில் அதை எழுதிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எச்சில் என்பது வெறும் உமிழ்நீர் விஷயம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? யார் தொட்டது, யார் எடுப்பது என்கிற கதையெல்லாம் அதற்குள் இருக்கிறது. சாயந்திரம் அந்தத் தொட்டியைத் தூக்கிக் குவியலில் கொட்டுவது எங்களிடம் நாலைந்து பெண்கள். ‘எச்சில்’ என்று சிவப்பில் எழுதிய தொட்டியை யார் தூக்குவது என்பதில் தகராறு வரும். கடைசியில் ஒரே ஆளின் தலையில் அது விழும், அந்த ஆள் யாராக இருப்பார் என்பதும் எனக்கு இப்போதே தெரியும். சட்டத்துக்காக வைக்கிற சொல் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

‘கழிவு’ வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம். மண்டிச் சீட்டில் கழிவு என்றால் பிடித்தம். எடையில் இவ்வளவு கழிவு, ரூபாயில் இவ்வளவு கழிவு என்று விவசாயி கணக்கில் எழுதுகிறோம். அதே கூடத்தில் இன்னொரு பதிவேட்டிலும் ‘கழிவு 140 கிலோ’ என்று எழுதிவைத்தால், காய் கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு என் மூட்டையில் 140 கிலோ கழித்துவிட்டாயா என்று சண்டைக்கு வருவார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் பேசுவதைச் சொல்கிறேன். பீன்ஸ் மேசையில் இரண்டு பக்கமும் நின்று பொறுக்கும்போது, ‘கழிச்ச காய எங்கக்கா போட?’ என்றுதான் கேட்பார்கள். கழிசல் என்றும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் கழிச்சல் என்பது கோழிக்கு வருகிற நோய், ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதுவும் வேண்டாம்.

———

தஞ்சையிலிருந்து:

அம்மா, எச்சிலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை. விட்டுவிடுவோம்.

உங்கள் ஆட்கள் பாதி வேலையை முடித்துவிட்டார்கள். ‘கழிச்ச காய்’ என்பதில் காலத்தை எடுத்துவிட்டால் வினைத்தொகை: கழிகாய். நேற்றுக் கழித்ததும், இப்போது கழிப்பதும், நாளை கழிக்கப்போவதும் அதில் அடக்கம். ஊறுகாய் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதாகவே இருக்காது. நான்கே எழுத்தில் முடிகிறது, தொட்டியில் எழுதவும் வசதி.

இலைக்கும் தண்டுக்கும் ‘கழிதழை’.

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கட பக்கத்தால ரெண்டு விசயம்.

முதலாவது, ‘கழிவு’ வேண்டாம் எண்டதுக்கு என்ர வாக்கும் சேரட்டும். இஞ்ச கடை வாசலில ‘விலைக்கழிவு’ எண்டு போட்டிருந்தால் சாமான் மலிவு எண்டு சனம் உள்ள போகும். மண்டிச் சீட்டுக் கதையும் இதுவும் ஒண்டுதான்.

இரண்டாவது, நாங்கள் மரக்கறி எண்டுதான் சொல்லுவம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில இருந்து வாறதெல்லாம் மரக்கறிதான். காய் எண்டால் பழுக்காதது எண்ட எண்ணம்தான் முதலில வரும். கரட், பீற்றூட், லீக்ஸ் எல்லாம் கழிகாய்க்குள்ள அடங்குமோ? கிழங்கும் தாளும் காய் இல்லையே. ஆனால் ‘கழிமரக்கறி’ எண்டு சொல்ல எனக்கே நா வரயில்லை. எனவே கழிகாய்க்கு எதிர்ப்பு இல்லை, வரைவிலக்கணத்தில கிழங்கு, தாள், இலை எல்லாம் அடங்கும் எண்டு தெளிவாகப் போடுங்கோ. கம்போஸ்ட்டுக்கு எங்கட பாடப்புத்தகத்தில கூட்டெரு எண்டு இருக்கு. மட்கு உரம் எண்டு போட்டாலும் விளங்கும், அடைப்புக்குள்ள கூட்டெருவையும் ஒருக்காச் சேர்த்துவிடுங்கோ.

———

கோவையிலிருந்து:

சொல் பிடித்திருக்கிறது. மண் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால், அந்தச் சொல்லின் எல்லை எங்கே முடிய வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம்.

உரத்தைச் சொந்த வயலில் போட்டுக்கொள்வது ஒரு கதை. மூட்டையில் கட்டி விற்பது வேறு கதை. விற்பதென்றால் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வருகிறது. நகரக் கம்போஸ்ட்டுக்கு அதில் உள்ள அளவுகள்: ஈரம் 15 முதல் 25 விழுக்காடு, கரிமம் 12 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழ், கார அமில நிலை 6.5 முதல் 7.5, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டக்கூடாது. 90 விழுக்காடாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15 என்று கன உலோகங்களுக்கும் உச்சவரம்பு உண்டு. நாற்றம் இருக்கக்கூடாது என்பதும் அதில் ஒரு விதி.

இவற்றில் கன உலோகம் கழிகாயால் வருவது அரிது. பேட்டரி, பெயின்ட், தெருக் குப்பை கலந்தால்தான் அந்தத் தொல்லை. அதனால்தான் ‘கலக்காமல், கழித்த இடத்திலேயே பிரித்தது’ என்பது வரையறைக்குள் இருந்தாக வேண்டும். ஊர்க் குப்பையிலிருந்து பிறகு பொறுக்கி எடுத்த தக்காளி கண்ணுக்குக் கழிகாய் போலவே இருக்கும், அது கழிகாய் அல்ல.

நாற்றமும் உப்பும்தான் உண்மையான வம்பு. முட்டைக்கோஸ் இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை மட்டும் குவித்தால் இரண்டு மூன்று நாளில் அமுங்கி, காற்றுப் போக வழியில்லாமல் அழுகி, அடியில் கறுப்பாகச் சாறு ஓடும். வைக்கோலோ கரும்புச் சோகையோ உலர்ந்த சருகோ கலந்தாக வேண்டும். பலர் தென்னை நார்க்கழிவைக் கொட்டுகிறார்கள், ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால் சில இடத்து நார்க்கழிவு உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது, அந்த 4ஐத் தாண்ட அதுவே போதும். வாங்கும்போதே சோதித்துவிடுவது நல்லது.

அதைவிடக் கண்ணுக்குப் படாமல் நுழைவது ரப்பர் பேண்டும் கட்டைச் சுற்றிய நைலான் கயிறும். வெங்காயத்தாள் கட்டு, கீரைக் கட்டு எல்லாம் ரப்பர் பேண்டோடே தொட்டிக்குப் போகும். இலை மட்கிவிடும், ரப்பர் அப்படியே கிடக்கும், கிளறும்போது நைலான் கயிறு மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வரும். பழத்தில் ஒட்டும் சிட்டையும் இதே சாதி. கலிஃபோர்னியாவில் விற்கும் மட்கு உரத்தில் 4 மில்லிமீட்டரைவிடப் பெரிய பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் சேர்ந்து உலர் எடையில் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதிலும் பிளாஸ்டிக் தாள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. நம் கூடத்துக் குவியலை அந்தச் சல்லடையில் போட்டால் எத்தனை தேறும் என்று யோசித்துப் பாருங்கள். ‘கட்டு நீக்கியது’ என்று வரையறையில் ஒரு சொல் சேர்த்தால் பாதி வேலை மேசையிலேயே முடிந்துவிடும்.

———

ஒட்டன்சத்திரத்திலிருந்து:

கட்டு நீக்குவது சொல்ல எளிது. நாள்கூலிக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு ரப்பர் பேண்டாக உருவிக்கொண்டு நின்றால் லாரி காத்திருக்காது. தொட்டிக்குப் போகும் முன் ஒரு ஆளை அதற்கென்றே நிறுத்த வேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு ஆளைப் போடாமல் விட்டால் தொட்டியில் பெயர்தான் புதிது.

சாப்பாட்டு மிச்சத்துக்கு என்ன சொல் என்பது இன்னும் முடியவில்லையே?

———

ஓசூரிலிருந்து:

அக்கா, அதற்குப் ‘பந்திக் கழிவு’ போதும் என்று நினைக்கிறேன். பரிமாறிவிட்டார்கள் என்ற செய்தி அதில் வந்துவிடுகிறது. எச்சில் சொல்லும் அதே எல்லைதான், வடு இல்லை. உணவகம், கேன்டீன், கல்யாண மண்டபம் மூன்றுக்கும் பொருந்தும். இதில் ‘கழிவு’ இருந்தாலும், முன்னால் ‘பந்தி’ நிற்பதால் மண்டிச் சீட்டோடு குழப்பம் வராது. காலாவதியான ரொட்டி, பழச்சாறு ஆகியவை அமெரிக்க விதியில் நம் கழிகாயோடு ஒரே இனத்தில் வருகின்றன. நம் கூடங்களில் அவை வருவதில்லை என்பதால் இந்தச் சொல்லை அதுவரை இழுக்கவில்லை. மளிகைக் கிடங்குக்குக் கையேடு எழுதுகிறவர் வேறு சொல் பார்த்துக்கொள்ளட்டும்.

அதிகாரத் தலைப்பில் ‘விதி இணக்கம்’ என்று இருந்ததை ‘விதிகளின்படி நடத்தல்’ என்று மாற்றிவிட்டேன். கூடத்தின் உரிமையாளரும் ஆய்வாளரும் ‘இணக்கமாக’ இருக்கிறார்கள் என்றால் ஊரில் வேறு பொருள்.

பதிவு இப்படிப் போகிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

கழிகாய்: பண்ணையிலோ சிப்பம் கட்டும் கூடத்திலோ தரம் பிரிக்கையில் ஒதுக்கி, அங்கேயே தனியாகச் சேர்த்து, கட்டும் சிட்டையும் நீக்கிய காய், கனி, கிழங்கு, தாள். பரிமாறிய உணவோ விலங்குப் பொருளோ வேறு குப்பையோ கலந்தால் இப்பெயர் பொருந்தாது. ஒதுக்கிய இலையும் தண்டும் கழிதழை எனப்படும். இதே நிபந்தனைகள் அதற்கும் உண்டு.

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்லா இருக்கு. ‘சிட்டை’ எண்டால் எங்களுக்குக் கடைப் பற்றுச்சீட்டு. ‘ஒட்டி’ எண்டு மாத்தினால் ரெண்டு கரைக்கும் சரி.