ஆஸ்பிரின் டிஎல்சி பிளேட்டில் போகாத இரண்டாவது ஸ்பாட்

ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். போன வாரம் லேபில் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் செய்தோம். டிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனி ஸ்பாட்டாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு குரோமடோகிராபி) பார்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பாட் வருகிறது.

பிளேட் சிலிக்கா ஜெல் 60 எஃப்254, அதாவது 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் ஒளிரும் வகை. கரைப்பான் ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் சம அளவு. முதலில் ஸ்பாட் வால் விட்டது, சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் சரியாகிவிட்டது. 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் ஆஸ்பிரின் கருப்பாகத் தெரிகிறது, ஆர்எஃப் (கரைப்பான் ஏறிய தூரத்தில் ஸ்பாட் ஏறிய பங்கு) 0.4. அதற்கு மேலே 0.55இல் இருப்பது மட்டும் கருக்காமல் வெளிர்நீலமாக ஒளிர்கிறது. பக்கத்தில் வைத்த சாலிசிலிக் அமிலமும் அதே உயரம், அதே நீலம்.

எத்தனால், தண்ணீரில் மறுபடிகமாக்கியும் போகவில்லை. ஆனால் ஃபெரிக் குளோரைடு விட்டால் சாலிசிலிக் அமிலத்தைக் காட்டும் ஊதா நிறம் துளிகூட வரவில்லை, உருகுநிலையும் தூய ஆஸ்பிரினுக்கு உரிய 135 டிகிரி. இதுதான் குழப்புகிறது. பொருள் காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. துறைமுகக் காற்றில் எங்கள் லேபில் எப்போதும் ஈரம், ஈரத்தில் ஆஸ்பிரின் மெல்ல உடைந்து சாலிசிலிக் அமிலத்தைத் தரும் என்பதால் அந்தச் சந்தேகமும் உண்டு. திங்கட்கிழமை ரெக்கார்டு கொடுக்க வேண்டும், உறுதியாகத் தெரியாமல் தூய பொருள் என்று எழுத மனம் வரவில்லை.

அந்த நீல ஸ்பாட் பொருளிலேயே இருக்கும் கலப்பா, இல்லை பிளேட்டில் சிலிக்கா மேல் ஆஸ்பிரின் உடைந்து வருவதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?