200 சிசி அட்வெஞ்சர் பைக்: பஞ்சருக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் நாமக்கல். இரண்டு வருடமாக 200 சிசி அட்வெஞ்சர் பைக் ஓட்டுகிறேன். முன்னால் 21, பின்னால் 18 இஞ்ச் ஸ்போக் வீல்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மண்பாதையில் இறங்கும்போது இந்த வண்டி தரும் தைரியம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பள்ளம் வந்தால் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்றால் போதும், இடுப்புக்கு ஒன்றும் தெரியாது.

குறையும் உண்டு. சேலம் நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் ஹேண்டில்பார் அதிர்கிறது. சீட் உயரம் என்பதால் அம்மாவைத் திண்ணையோரம் நிறுத்தித்தான் ஏற்றுகிறேன். சரி, இதெல்லாம் பழகிவிட்டது.

பஞ்சர்தான் பயம். ஸ்போக் வீலில் கம்பி மாட்டும் ஓட்டைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூப் டயர். ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். போன மாதம் கொல்லிமலையில் சோளக்காடு பக்கம் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இருட்டில் ஒரு மணி நேரம் தள்ளினேன்.

பின் ரிம்மில் அந்த ஓட்டைகளை உள்ளே சீல் செய்து டியூப்லெஸ் ஆக்கியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாள் தாங்கியது? இல்லை, மாற்று டியூப், டயர் லிவர் (டயரை நெம்பிக் கழற்றும் கம்பி), கைப்பம்போடு நானே மாட்டப் பழகுவதுதான் நல்லதா? சென்டர் ஸ்டாண்டும் கிடையாது. தனி ஆளாகப் பின் சக்கரத்தைக் கழற்ற வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? அடுத்த மாதம் மறுபடி மலையேறுகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.