அனுபவப் பகிர்வு: பில்லிங் மென்பொருளும் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்டின் கேள்விகளும்

கோயம்புத்தூர் உறுப்பினர்:

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் நான் இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். ஆண்டு விற்பனை 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2020 அக்டோபர் 1 முதலும், 100 கோடியைத் தாண்டியவற்றுக்கு 2021 ஜனவரி 1 முதலும் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்வது, கட்டாயமானது. நாங்கள் இரண்டாவது வரிசையில் வந்தோம். பில் விவரங்களை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பினால் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் எனும் பில் பதிவு எண்ணும் க்யூஆர் குறியீடும் திரும்பி வரும்; வேலை இவ்வளவுதானே என்று நாங்களே எழுதி முடித்துவிட்டோம்.

முதல் வாரத்தில் ஒரு மாலை, லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும்போது எங்கள் ஆலையின் இணைய இணைப்பு அறுந்தது. இணைப்பு திரும்பியதும் டெஸ்பாட்ச் எழுத்தர் அதே பில்லை மறுபடி அனுப்ப, ஐஆர்என் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்று 2150 என்ற பிழை வந்தது. லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பில் எண்ணை மாற்றி அனுப்புமாறு தொலைபேசியில் சொன்னவன் நான்தான். ஒரே லோடுக்கு இரண்டு பில்கள் பதிவாகிவிட்டன என்பது மூன்றாம் நாள் கணக்குப் பிரிவில் தெரிந்தபோது, ரத்து செய்வதற்கான 24 மணி நேரம் கடந்திருந்தது. பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது.

அதன் பிறகு, மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று திட்டமிட நியமிக்கப்பட்ட சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் அம்மையார் முதல் இரண்டு நாள்கள் எங்கள் நிரலைத் திறக்கவே இல்லை. டெஸ்பாட்ச் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, பதில் வரலைன்னா மொதல்ல என்ன செய்வீங்க?" என்று எழுத்தரிடம் கேட்டார். "திரும்பவும் பட்டனை அமுக்குவேன் மேடம்" என்றார் அவர். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்தே ஐஆர்என் கணக்கிடப்படுவதால், ஒரே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே எண்தான் வரும். பதில் வரவில்லை என்பதற்காகப் பில் பதிவாகவில்லை என்று கொள்ளக்கூடாது. எனவே, பதில் வராதபோது முதலில் பில் எண்ணைக் கொடுத்துத் தளத்திடம் விசாரிக்க வேண்டும், பதிவாகியிருந்தால் அந்த ஐஆர்என்னையே வாங்கி அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் மட்டுமே மறுபடி அனுப்ப வேண்டும் என்று அவர் வரிசைப்படுத்தினார். நிரலாக எழுத எனக்கு ஒன்றரை நாள்தான் ஆயிற்று.

ஆனால் அவருடைய பணியில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஐஆர்என் வரும்வரை லாரி நிற்குமா, போகுமா என்ற கேள்வியைப் போக்குவரத்து மேலாளர், கணக்காளர், நிர்வாக இயக்குநர் மூவரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டார். நிற்கும் என்று முடிவானதும், கேட்டுக்குத் தனியாக இரண்டாவது இணைய இணைப்பு வாங்க அங்கேயே ஒப்புதலும் பெற்றார். அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை அன்று மாலை தொலைபேசியில் நான் எடுத்திருந்தேன்.

மதுரை உறுப்பினர்:

எங்களுடையது நுகர்பொருள் விநியோகம் செய்யும் சிறிய நிறுவனம். ஆர்க்கிடெக்ட் என்று எவரும் இருந்ததில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அவசரத்தில் வரி விகிதங்களை நிரலுக்குள்ளேயே, அதுவும் பல இடங்களில், எழுதிவைத்தோம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் ஷாம்பு, சாக்லேட் உட்பட 178 வகைப் பொருள்களுக்கு 28 விழுக்காடு 18 ஆகக் குறைந்தபோது, முந்தைய நாள் இரவு முழுவதும் விழித்து ஒவ்வோர் இடமாக மாற்றினோம். விற்பனை பில் சரியாக வந்தது. ஆனால் 28 விழுக்காட்டில் விற்ற ஷாம்புப் பெட்டிகள் கடைகளிலிருந்து திரும்பியபோது, எங்கள் மென்பொருள் 18 விழுக்காட்டிலேயே கிரெடிட் நோட் போட்டது. விற்ற விகிதத்தில்தான் அது போடப்பட வேண்டும். கடைக்காரர்களுக்கு நான் நேரில் போய் விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கடம் இன்னும் மறக்கவில்லை.

இந்த விகிதம் எந்தத் தேதி வரை செல்லும் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். பிறகு அப்படிக் கேட்கும் பொறுப்பை நானே ஏற்று, விகிதங்களைத் தொடக்கத் தேதியுடன் ஒரே அட்டவணைக்கு மாற்றி, கிரெடிட் நோட்டை மூல பில்லுடன் இணைத்தேன். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்புக்கு 18 விழுக்காடு 5 ஆனபோது, புதிய வரிசைகளை முன்கூட்டியே பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அக்டோபரில் பழைய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. கிரெடிட் நோட்டில் 18 என்றே அச்சாகியிருந்தது.