லினக்ஸில் த்ரெட் எங்கே உருவாகிறது என்று அறிவது எப்படி?

கேள்வி: எங்கள் சர்வர் நிரலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் செயல்தொடர்) உருவாகிறதோ என ஐயுறுகிறேன். சிஸ்டம் கால்களை, அதாவது லினக்ஸின் மையமான கெர்னலிடம் நிரல் விடுக்கும் அழைப்புகளை, காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி கொண்டு பார்த்தால் நிரலே தவழ்கிறது. வேறு வழி உண்டா?

பதில் 1: ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் எஸ்ட்ரேஸ் நிரலை நிறுத்திவிடுவதால், அந்த வேக அளவீட்டை நம்ப வேண்டாம். கெர்னலிலுள்ள ‘டாஸ்க் நியூடாஸ்க்’ ட்ரேஸ்பாயிண்ட்டை (புதிய த்ரெட் உருவாகும் இடத்திலுள்ள கண்காணிப்புப் புள்ளி), பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி வழியாக, ஸ்டாக்கோடு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) சேர்த்துப் பதிவு செய்தால், த்ரெட்டைத் தோற்றுவித்த ஃபங்ஷன் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு, அந்த வரிசையைப் பின்தொடர உதவும் ஃபிரேம் பாயிண்டரை நீக்காமல் கம்பைல் செய்திருக்க வேண்டும். பலரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

பதில் 2: ஒரு சேர்க்கை. அந்த ட்ரேஸ்பாயிண்ட் புதிய பிராசஸ்களையும் (தனித்தனியாக ஓடும் நிரல்களையும்) பதிவு செய்யும். இரண்டையும் உருவாக்கும் சிஸ்டம் காலான க்ளோனின் ஃபிளாகுகளில் 65536 மதிப்புள்ள பிட் இருப்பவை மட்டுமே த்ரெட்கள். சி மொழி நூலகமான ஜிலிப்சியில் 2.34 பதிப்பு முதல் க்ளோன்3 என்ற புதிய சிஸ்டம் கால் பயன்படுவதால், பழைய க்ளோனை மட்டும் தேடினால் ஒன்றும் அகப்படாமல் போகலாம்.

கேட்டவர்: நன்றி. பதிவு செய்து பார்த்தேன். கோரிக்கைகள் அல்ல, எங்கள் டைமர் நூலகமே காரணம்.