கேடி-1000 அளவு 2 மி.மீ.யிலிருந்து 7 ஆகிவிட்டது, ஒட்டு தளர்ந்துவிட்டதா?

கேள்வி:
வணக்கம். கபடியில் இடது முட்டியில் ஏசிஎல் (கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடிக்கும் தசைநார்) அறுந்து, அதற்குப் பதிலாக வேறு நாரை ஒட்டாக வைத்த அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஆறாம் மாதம், கீழ்க்கால் எலும்பு எவ்வளவு முன்னே வருகிறது என்று அளக்கும் கேடி-1000 கருவியில் பார்த்து 2 மி.மீ. என்றார்கள். போன வாரம் வேறு ஊரில் அதே வகைக் கருவியில் 7 மி.மீ. என்று எழுதித் தந்தார்கள். வீக்கம் இல்லை, கால் நழுவவும் இல்லை. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில் 1 (பிசியோதெரபிஸ்ட்):
பயப்படாதீர்கள் தம்பி, முதலில் சீட்டைப் பாருங்கள். அந்த 7 இடது காலின் அசைவா, இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசமா? அடிபடாத முட்டியிலும் கீழ்க்கால் எலும்பு சில மி.மீ. முன்னே வரத்தான் செய்யும், அது ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு விசையில் இழுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 67, 89, 134 நியூட்டன் என மூன்று கட்டம் உண்டு.

கேட்டவர்:
பழைய சீட்டில் 89 நியூட்டன், இடது 6, வலது 4; அந்த வித்தியாசம்தான் 2. புதியதில் 134 நியூட்டன், இடது 7. வலது காலை அளக்கவே இல்லை அண்ணா.

பதில் 1:
அப்படியானால் இந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது. கூடுதல் விசையில் இழுத்தால் எலும்பு கூடுதலாகத்தான் வரும். ஒரே நாளில், ஒரே ஆள், இரு கால்களையும் 134-இல் அளக்கச் சொல்லுங்கள். முட்டி 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் நல்லது. 5-ஐத் தாண்டினால் அறுவை செய்த டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கையால் எலும்பை முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையும் செய்யட்டும். இழுக்கும்போது எலும்பு டக்கென்று நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பது கைக்குத் தெரியும்.

பதில் 2:
படுத்ததும் தொடையைத் தளர விடுங்கள். அடிபட்ட மூன்றாம் நாள் நான் வலிக்குப் பயந்து பின்தொடையை இறுக்கிப் பிடித்திருந்தேன், 'முட்டி உறுதியாக இருக்கிறது' என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோதுதான் முட்டி எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தது.

கேட்டவர்:
இன்று அளந்தேன். 134-இல் வலது 5, இடது 7. லாக்மனிலும் எலும்பு உறுதியாக நிற்கிறதாம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. களத்தில் இறங்கலாமா?

பதில் 1:
ரொம்ப சந்தோஷம். ஆனால் இது ஒட்டின் நிலைமை மட்டும்தான். தொடை வலுவையும் ஒற்றைக்கால் தாவலையும் சோதித்துவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு இறங்குங்கள்.